கும்பகோணத்து மாடியில் ஒரு குட்டிச் செயற்கைக்கோள்: நிரல் எழுத வருபவர்களுக்கு

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் நாள் லேப்டாப்பைத் திறக்க விடுவதில்லை. அரசலாற்றுக்குத் தெற்கே, குழுவில் ஒருவருடைய வயலுக்குக் கூட்டிப்போய், மோட்டார் கொட்டகையில் மாட்டியிருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டுகிறோம். மூன்று விளக்குகள், ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன், ஓரத்தில் ‘ஆட்டோ’ என்று ஒரு சுவிட்ச். மும்முனை கரன்ட் நள்ளிரவு 2 மணிக்கு வந்தாலும் அவர் எழுந்து போவதில்லை. பெட்டி தானாக விழித்துக்கொள்கிறது. விழித்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவதும் இல்லை. கொஞ்சம் பொறுக்கிறது, மூன்று ஃபேஸும் இருக்கிறதா, வோல்டேஜ் போதுமா என்று பார்க்கிறது, அப்புறம்தான் போடுகிறது. ஒரு ஃபேஸ் இல்லையென்றால் பேசாமல் இருக்கிறது. போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடுகிறது.

செயற்கைக்கோளுக்கு நிரல் எழுதுவதும் இதே வேலைதான். என்ன, இந்தக் கொட்டகை தரையிலிருந்து 500 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஃபியூஸ் போனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வழியில்லை. வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் “படம் எடுக்குமா, ஏஐ ஓடுமா” என்று கேட்கிறார்கள். விழுந்தால் எழுந்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இதுவரை எதையும் விண்ணுக்கு அனுப்பவில்லை. டிவி மெக்கானிக் ஒருவர், மின்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபோர்மேன் சார், பாலிடெக்னிக் மாணவர்கள் நான்கைந்து பேர், அந்த மோட்டார்க்காரர், நான். 5 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். அதன் ‘பலகைப் பதிப்பு’ (பெட்டிக்குள் அடைக்காமல் பலகையில் பரப்பிய மாதிரி) மொட்டை மாடி அறையில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பலகையில் நாங்கள் பட்ட அடிகள்தான் இங்கே வழிகாட்டியாக மாறியிருக்கின்றன.

எவ்வளவு சிறியது?

பொழுதுபோக்குக்காரர்கள் செயற்கைக்கோள் செய்வது புதிய விஷயம் இல்லை. அமெரிக்க ஹாம் ரேடியோக்காரர்கள் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள்) செய்த ஆஸ்கார்-1, 1961 டிசம்பரிலேயே பறந்துவிட்டது. எடை நாலரை கிலோ. மூன்று வாரம் மோர்ஸில் ‘ஹாய்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ‘ஹாய்’ எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு இன்றைக்கும் இதைவிட அழகான டெலிமெட்ரி (தூரத்திலிருந்து அளவுகளைச் சொல்லி அனுப்பும் முறை) தெரியாது.

10 சென்டிமீட்டர் கனசதுரமான க்யூப்சாட் 1999-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களில் உருவான அளவுத்திட்டம். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான பாப் ட்விக்ஸ், 2009-இல் இன்னும் சின்னதாக 5 சென்டிமீட்டர் அளவை முன்வைத்தார். அதன் பெயர் பாக்கெட்க்யூப். நம் பக்கத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரலில் போனது. பத்தே வருடத்தில், 2019 ஜனவரியில், சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் மாணவர்களின் கலாம்சாட்-வி2 பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட்டில் போனபோது எடை ஒன்றேகால் கிலோ சொச்சம். அளவு சுருங்கச் சுருங்க நிரலின் பொறுப்பு கூடிக்கொண்டே போகிறது. பெரிய செயற்கைக்கோளில் ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். நம் பெட்டியில் எல்லாமே ஒன்றுதான்.

முதல் படி: கேளுங்கள்

இருபது நாள் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவோம். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசும், 145.825-இல் டேட்டா பாக்கெட் வரும். கணினியின் யுஎஸ்பியில் செருகி, நிரல் மூலம் அலைவரிசை பிடிக்கும் ஒரு எஸ்டிஆர் ரிசீவர், இரண்டு துண்டுக் கம்பியில் ‘வி’ வடிவ ஆன்டெனா போதும். குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் லோரா ரேடியோவோடு வரும் ஈஎஸ்பி32 போர்டு கிடைத்தால் டைனிஜிஎஸ் என்ற தன்னார்வ வலையில் இணைத்துவிடுங்கள். உலகத்தின் குட்டிச் செயற்கைக்கோள்கள் உங்கள் மாடியைக் கடக்கும்போது சொல்வதை அது பிடித்துக்கொடுக்கும்.

டெல்டாவில் ஒரு வசதி, நிலம் சமதளம். மலை மறைப்பதில்லை. தென்னைக்கு மேலே ஆன்டெனா நின்றால், செயற்கைக்கோள் அடிவானத்தில் தலை காட்டியதுமே பிடிபடும். 

கேட்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, அலைவரிசை நகர்வது. 437 மெகாஹெர்ட்ஸில் பேசும் செயற்கைக்கோள் (இனி சுருக்கமாகக் ‘கோள்’) நம்மை நோக்கி வரும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கும், விலகும்போது அதே அளவு கீழே. ரயில் ஹாரன் சத்தம் நம்மைத் தாண்டியதும் இறங்குவது போல. இரண்டு, நேரம். 500 கிலோமீட்டர் உயரத்தில் துருவப் பாதையில் போகிற கோள் 94 நிமிடத்துக்கு ஒரு சுற்று போடுகிறது. ஆனால் நம் அட்சரேகைக்கு மேலே ஒரு நாளில் நான்கு முறைபோலத்தான் வரும். அதிலும் நல்ல உயரத்தில் வருவது இரண்டுதான் இருக்கும். ஒவ்வொன்றும் மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கூட்டிப்பாருங்கள். நாளில் அரை மணி நேரம்தான் நம் பேச்சு அதன் காதில் விழும். மீதி இருபத்துமூன்றரை மணி நேரம் அது தனியாக முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: பலகையில் பரப்புங்கள்

எடுத்த எடுப்பில் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். ஒரு ப்ளைவுட் பலகையில் எல்லாவற்றையும் பரப்பித் திருகுங்கள்: மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினி), லோரா ரேடியோ, ஒரு லித்தியம் செல், கையளவு சோலார் தகடு, மின்னோட்டம் அளக்கும் ஐஎன்ஏ219 சென்சார், வெப்ப சென்சார். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.

எந்த மைக்ரோகண்ட்ரோலர் என்று சண்டை போடுவார்கள். பழக்கத்துக்கு ஆர்டுயினோ ஊனோவில் இருக்கிற ஏடிமெகா328பி-யையே நான் சொல்வேன். ரேம் 2 கிலோபைட்தான். அந்த நெருக்கடியில் எழுதிப் பழகியவர் பிறகு எங்கேயும் எழுதுவார். 264 கிலோபைட் ரேம் உள்ள பைக்கோ போர்டில் தொடங்கியவர்களுக்குச் சிக்கனம் வருவதற்கு நாளாகிறது. இது என் சொந்த அபிப்பிராயம். குழுவிலேயே பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் படி: காகிதத்தில் நிலைகளை வரையுங்கள்

நிரல் எழுதும் முன் வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு நிலை. விழிப்பு, காத்திருப்பு, ஆன்டெனா விரிப்பு, வழக்கம், பாதுகாப்பு. ஐந்து போதும். எந்த நிலையிலிருந்து எதற்கு, எந்த நிபந்தனையில் போகலாம் என்று அம்புக்குறி போடுங்கள். அம்புக்குறிக்கு மேல் ஒரு எண் இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள்.

பாதுகாப்பு நிலை என்பது ஸ்டார்ட்டர் பெட்டி பேசாமல் இருக்கிறதே, அது. பேட்டரி இறங்கினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேட்பதை மட்டும் வைத்துக்கொண்டு, வெயிலுக்காகக் காத்திருப்பது. எதில் சந்தேகம் வந்தாலும் நிரல் இங்கேதான் வந்து விழ வேண்டும்.

இதில் நாங்கள் வாங்கிய அடி ஒன்று. செல் 3.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாதுகாப்பு, மேலே வந்தால் வழக்கம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். படித்தால் சரியாகத்தான் இருக்கும். இரவில் விட்டுவிட்டுப் போனோம். காலையில் பார்த்தால் நிலை மாறியதற்கான பதிவு ஆயிரக்கணக்கில். நடந்தது இதுதான்: வழக்க நிலைக்கு வந்ததும் ரேடியோ பேசத் தொடங்கும், சுமை ஏறியதும் செல்லின் வோல்டேஜ் கொஞ்சம் அமுங்கும், 3.6-க்குக் கீழே போகும், பாதுகாப்பு. ரேடியோ அணைந்ததும் வோல்டேஜ் மேலே வரும், வழக்கம். மறுபடி பேச்சு. ஃபோர்மேன் சார் எல்இடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “லோ வோல்டேஜ்ல காண்டாக்டர் டக்டக்னு அடிச்சுக்குமே தம்பி, அதேதான் இது.” (காண்டாக்டர் என்பது ஸ்டார்ட்டருக்குள் மோட்டாரைப் போடும் மின்காந்த சுவிட்ச்.)

மருந்தும் அவரிடமே இருந்தது. இறங்குவதற்கு ஒரு எண், ஏறுவதற்கு வேறு எண். இப்போது எங்கள் பலகை 3.5-இல் படுக்கும், 3.8-ஐத் தொட்டு, பத்து நிமிடம் அங்கேயே நின்றால்தான் எழுந்திருக்கும். குளிரில் செல்லின் உள் தடை கூடும், வோல்டேஜ் இன்னும் அதிகமாக அமுங்கும். அதனால் இந்த இடைவெளியைக் கஞ்சத்தனம் பார்க்காமல் வையுங்கள்.

நான்காம் படி: காத்திருக்கக் கற்றுக்கொடுங்கள்

ராக்கெட்டிலிருந்து தள்ளிவிட்டதும் கோளின் சுவிட்ச் விடுபட்டு நிரல் முதன்முதலாக விழிக்கும். அப்போதே ஆன்டெனாவை விரிக்கக் கூடாது, பக்கத்தில் மற்ற கோள்கள் இருக்கும். க்யூப்சாட் வழிமுறைகளில் ஆன்டெனா விரிக்கக் குறைந்தது 30 நிமிடம், ரேடியோவில் பேச 45 நிமிடம் என்று இருந்தது. உங்கள் ராக்கெட்காரர் என்ன சொல்கிறாரோ அதுதான் கணக்கு.

ஆன்டெனா என்று பெரிதாக நினைக்க வேண்டாம். ஹார்டுவேர் கடை ஸ்டீல் டேப்பில் 17 சென்டிமீட்டர் நறுக்கினால் 437 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம். அதை மடித்து, தூண்டில் நரம்பால் கட்டி, நரம்பின் மேல் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைக்க வேண்டும். நேரம் வந்ததும் ரெசிஸ்டரில் கரன்ட் பாய்ந்து சூடாகி நரம்பு உருகும். டேப் தானே நிமிரும். நாகப்பட்டினத்தில் வாங்கிய நரம்புக் கண்டு ஒன்று இன்னும் தீராமல் கிடக்கிறது.

முதல் ஒத்திகை. சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், கையில் காபி. 30 நிமிடம் ஆகுமே என்று பேசிக்கொண்டிருந்தோம். அரை நிமிடம்தான் கழிந்திருக்கும். ‘சடக்’. நிமிர்ந்த டேப் பலகை ஓரத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டது.

நிரலைப் பார்த்தோம். 30 பெருக்கல் 60 பெருக்கல் 1000 மில்லிநொடி. கணக்கு சரி, 18 லட்சம். ஆனால் இந்த 8-பிட் சில்லில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம், அதிகபட்சம் 32,767. மரக்காலில் கலம் நெல்லைக் கொட்டினால் வழிந்துபோகுமே, அப்படி வழிந்தது போக மிஞ்சியது 30,528. அதாவது முப்பதரை நொடி! 18 லட்சத்தை 65,536-ஆல் வகுத்து மீதியை நீங்களே பாருங்கள். முப்பது நிமிடம் முப்பது நொடியாகத் தெரிந்ததால் யாரோ 60-ஐ மறந்துவிட்டார்கள் என்று முதல் ஒரு மணி நேரம் தப்பான இடத்தில் தேடினோம். 1000-க்குப் பின்னால் 32-பிட் எண் என்ற குறியீட்டை ஒட்டவைத்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் நிரலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை பிட் என்று வெளிப்படையாக எழுதாமல் யாரும் சேர்க்க முடியாது.

இதே வகையில் இன்னும் இரண்டு பள்ளங்கள். மில்லிநொடி எண்ணும் 32-பிட் கடிகாரம் 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். மைக்ரோநொடி எண்ணுவது 71 நிமிடத்திலேயே திரும்பும்; ஒரு சுற்றே 94 நிமிடம் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே ‘இப்போதைய நேரம், தொடக்கமும் முப்பது நிமிடமும் சேர்ந்ததைவிடப் பெரிதா’ என்று கேட்காதீர்கள். ‘இப்போதைய நேரத்தில் தொடக்கத்தைக் கழித்தால் முப்பது நிமிடம் ஆகிறதா’ என்று கேளுங்கள். குறியில்லா எண்ணாக (மைனஸ் இல்லாத எண் வகை) இருந்தால் கடிகாரம் திரும்பினாலும் கழித்தல் சரியாக வரும். சோதிக்க 50 நாள் காத்திருக்க வேண்டாம், கடிகாரத்தை நிரம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்துத் தொடங்குங்கள்.

கடிகாரத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு சோகக் கதை உண்டு. 2014 ஏப்ரலில் போன கிக்சாட் என்ற கோள், வயிற்றுக்குள் பிஸ்கட் அளவில் 104 குட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தது. பதினாறு நாள் கழித்து அவற்றை வெளியே விட வேண்டும். நடுவில் கதிர்வீச்சால் கணினி ரீசெட் ஆகி, கவுன்ட்டவுன் முதலிலிருந்து தொடங்கிவிட்டது. தரையிலிருந்து கட்டளை கொடுக்கலாமென்றால் கேட்கும் ரேடியோவுக்குப் பேட்டரி போதவில்லை. குட்டிகளை விடாமலே மே மாதத்தில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. கடந்த நேரத்தை, ரீசெட் ஆனாலும் அழியாத நினைவகத்தில் அவ்வப்போது எழுதிவையுங்கள். விழித்ததும் முதலில் அதைப் படியுங்கள்.

ஐந்தாம் படி: காவல் நாய்

வாட்ச்டாக் என்பது ஒரு தனி டைமர். நிரல் சில நொடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டவில்லையென்றால், நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவுசெய்து கணினியை ரீசெட் செய்யும். சில்லுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது, ஏடிமெகாவில் 8 நொடிவரை. வெளியிலும் தனிச் சில்லாக ஒன்று வைத்து, அது மின்சாரத்தையே வெட்டி மறுபடி கொடுக்கும்படி செய்வது நல்லது.

எல்லோரும் செய்கிற தவறு: தட்டிக்கொடுக்கும் வரியை டைமர் இன்டரப்டுக்குள் (முக்கிய நிரலை இடைமறித்து, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஓடும் துண்டு நிரல்) வைப்பது. வசதியாகத்தான் இருக்கும், மறக்கவே மறக்காது. ஆனால் முக்கிய நிரல் சென்சாரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் இன்டரப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பலகை இரண்டு நாள் அப்படி நின்றது. வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்க, நாய்க்கு மட்டும் வேளாவேளைக்குச் சோறு. முக்கியச் சுற்றின் கடைசியில், ஒரே ஒரு இடத்தில், எல்லா வேலையும் முடிந்தது என்று சரிபார்த்த பிறகு மட்டும் தட்டுங்கள்.

இன்னொன்று, நாய் குரைத்து ரீசெட் ஆன பிறகு நாய் அணைந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஏடிமெகாவில் அது மிகக் குறுகிய நேரத்துக்கு மாறி ஓடிக்கொண்டே இருக்கும். மலிவு போர்டு ஒன்றில் பழைய பூட்லோடர் (நம் நிரலுக்கு முன்னால் ஓடி அதைத் தொடங்கிவைக்கும் குட்டி நிரல்) விழிப்பதற்குள் மறுபடி ரீசெட், மறுபடி ரீசெட் என்று சுழன்றது. நிரலின் முதல் வரியிலேயே நாயைக் கட்டிப்போட்டு, பிறகு உங்கள் நேரத்துக்கு அவிழ்த்துவிடுங்கள். பூட்லோடரையும் சரிபாருங்கள்.

ஆறாம் படி: நினைவகம்

மேலே கதிர்வீச்சால் ஒரு பிட் தானாகப் புரளும். 0 ஒன்றாகும், 1 பூஜ்ஜியமாகும். பிரேசிலுக்கு மேலே, தெற்கு அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது இது அதிகம். ஆன்டெனா விரிந்துவிட்டதா, எத்தனை ரீசெட், எந்த நிலை போன்ற முக்கியமான விவரங்களை மூன்று இடத்தில் எழுதுங்கள். படிக்கும்போது எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொண்டு மூன்றாவதைத் திருத்துங்கள்.

மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்பார்கள். பெரிய எண்ணாகத் தெரியும். பத்து நொடிக்கு ஒருமுறை எழுதினால் பதினோரரை நாளில் தீர்ந்துவிடும். முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல இடம் மாற்றி மாற்றி எழுதுங்கள். இல்லையென்றால் எஃப்ராம் என்ற வேறு வகை நினைவகச் சில்லுக்கு மாறுங்கள், அதற்கு இந்தக் கவலை இல்லை.

கோப்பு வளர்வதையும் பாருங்கள். 2015 மே மாதம் பிளானட்டரி சொசைட்டியின் லைட்செயில் கோள் இரண்டே நாளில் ஊமையானது. அது அனுப்பும் நலச்செய்திகளின் பதிவுக் கோப்பு வளர்ந்து வளர்ந்து 32 மெகாபைட்டைத் தாண்டியதும் கணினி உறைந்துவிட்டது. எட்டு நாள் கழித்துத் தானாக ரீசெட் ஆனது, அதுவும் ஏதோ ஒரு கதிர்த்துகள் இடித்ததால் இருக்கலாம் என்றுதான் ஊகித்தார்கள். பிழையை உண்டாக்கும் அதே கதிர்வீச்சு அன்றைக்குக் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் அதை நம்பியிருக்க வேண்டாம். எந்தப் பதிவுக்கும் ஒரு மேல்வரம்பு வையுங்கள், நிரம்பினால் பழையது அழியட்டும்.

ஏழாம் படி: பேச்சும் செலவும்

பீக்கன் என்பது கோள் தானாகச் சொல்லும் நலச்செய்தி. எங்களுடையது 20 பைட்டுக்குள்: அழைப்புக்குறி, ரீசெட் எண்ணிக்கை, விழித்து எவ்வளவு நேரம், செல் வோல்டேஜ், சோலார் மின்னோட்டம், வெப்பம், நிலை, கடைசியில் சரிபார்ப்பு எண். ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் ரீசெட் எண்ணிக்கையை வையுங்கள். அது ஒரே நாளில் நூறு ஏறியிருந்தால் மற்ற எதையும் படிக்கவே வேண்டாம்.

மின்கணக்கில் புதியவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. எஸ்எக்ஸ்1278 லோரா சில்லு முழு வலுவில் பேசும்போது சுமார் 120 மில்லிஆம்ப், 3.3 வோல்ட்டில் 400 மில்லிவாட். அரை நிமிடத்துக்கு ஒரு நொடி பேசினால் சராசரி 13 மில்லிவாட்தான். கேட்கும்போது 11 மில்லிஆம்ப்தான், ஆனால் நாள் முழுக்க, எனவே 36 மில்லிவாட். பேசுவதைவிடக் கேட்பதற்கு மூன்று மடங்கு செலவு! ஆகையால் சிக்கனம் செய்யப்போகிறவர்கள் முதலில் கேட்பதில் கைவைப்பார்கள். கொஞ்சம் தூங்கி, கொஞ்சம் கேட்டு என்று மாற்றுங்கள், ஆனால் முழுதாக அணைக்கும் வழி எந்த நிலையிலும் இருக்கக் கூடாது. கிக்சாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளைகள் குறைவாக இருக்கட்டும். எங்களிடம் ஆறு. அதில் ‘வாயை மூடு’ கட்டாயம், தரையிலிருந்து ஒலிபரப்பை நிறுத்த முடியாத கோளுக்கு அனுமதியே கிடைக்காது. ஹாம் அலைவரிசையில் செய்தியை மறைத்து அனுப்பக் கூடாது, கோளைக் கட்டுப்படுத்தும் கட்டளைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைப் பயன்படுத்திக் கட்டளையைப் பூட்டி அனுப்புங்கள்.

பேட்டரி முற்றிலும் செத்தாலும் கதை முடிய வேண்டியதில்லை. 1974-இல் போன ஆஸ்கார்-7, 1981-இல் பேட்டரி ஷார்ட்டாகி அடங்கியது. 2002-இல் மறுபடி குரல் கேட்டது. ஷார்ட்டான செல் திறந்துகொண்டதும் சோலார் தகடு நேராக ஊட்டத் தொடங்கியிருக்கிறது. வெயிலில் விழிக்கும், நிழலில் உறங்கும். உங்கள் நிரலும் பேட்டரியே இல்லாமல் வெயிலில் மட்டும் விழித்து, ஒரு பீக்கனாவது சொல்லும்படி இருக்கிறதா என்று செல்லைக் கழற்றி வைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: கொடுமைப்படுத்துங்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள். நினைவகத்தில் எழுதும் நேரத்தில், ஆன்டெனா விரிக்கும் நேரத்தில், விழிக்கும் நேரத்தில். ஐப்பசி மழையில் கரன்ட் போகும் இரவுகள் எங்களுக்கு இதில் பெரிய உதவி. இப்போது வேண்டுமென்றே ஒரு ரிலே வைத்து, கண்ட நேரத்தில் மின்சாரத்தை வெட்டும்படி இன்னொரு போர்டுக்கு நிரல் எழுதியிருக்கிறோம். ஒரு வாரம் தாங்கினால் அந்தப் பதிப்புக்குப் பெயர் வைக்கிறோம்.

சென்சாரின் வயரை ஓடும்போதே உருவுங்கள், நிரல் நிற்கக் கூடாது. சித்திரை வெயிலில் மாடியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்ய விடாதீர்கள், செல் உள்ளே கெட்டுவிடும். மேலேயும் அதே விதிதான், அதனால் அந்தத் தடையையும் நிரலிலேயே சோதித்துவிடலாம்.

தூரச் சோதனைக்குச் சுவாமிமலைப் பக்கம் போகிறோம், எங்கள் மாடியிலிருந்து 8 கிலோமீட்டர்போல. அடிவானத்தில் இருக்கும் கோள் 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். இரண்டுக்கும் சிக்னல் இழப்பில் 50 டெசிபெல் வித்தியாசம். அதை ஈடுகட்ட ஆன்டெனா வயரில், சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர்களைக் கோக்கிறோம். நடுவில் தென்னந்தோப்பு ஒன்று தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. அதையும் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

காகித வேலை

கேட்டதோடு நிற்காமல் பேசத் தொடங்கும்போது உரிமம் வேண்டும். பழகுவதற்கு, உரிமம் இல்லாமல் குறைந்த வலுவில் பேச 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. கோளின் 435–438 மெகாஹெர்ட்ஸ் ஹாம்களுக்கானது. ஹாம் உரிமத்துக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைக்கிறது, 12 வயது முடிந்தால் எழுதலாம். கோளுக்கான அலைவரிசையைச் சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியனிடம் ஒருங்கிணைத்துக்கொள்ள வேண்டும். ஏவ அனுமதி மத்திய அரசின் இன்ஸ்பேஸ் அமைப்பு தருகிறது.

தனியாகப் பறந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டம் வேலை முடிந்த பிறகும் சுற்றுப்பாதையில் இருக்கும், அதிலேயே கருவிகளைப் பொருத்தி இயக்குகிறார்கள். கலாம்சாட்-வி2 அப்படித்தான் ஓடியது. 2022-இலிருந்து போயம் என்ற பெயரில் இது நடக்கிறது, 2024 டிசம்பரில் போன போயம்-4-இல் 24 கருவிகள் இருந்தன. முதல் முயற்சிக்கு எங்கள் கண் அதன் மேல்தான்.

புதிதாக வருகிறவர்கள் ஹாம் விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள், தேர்வும் உரிமமும் வந்து சேர மாதங்கள் ஆகும். அதுவரை செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன்: ஒரு பலகை, ஒரு ரேடியோ, ஒரு செல். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கொட்டகைக்கு வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடங்கள், நடவு முடிந்த சேறு. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் முன் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கச் சொல்லி ஃபோர்மேன் சார் கத்துவார், அதையும் கேளுங்கள்.